ஆடுற பல் சக்கரமும் உட்கார்ற வேலையும்

அடுகோடி,
ஞாயிறு, சர்ச்சுக்குப் போகாம.

அன்புள்ள மச்சான் டிரேவருக்கு, உன் அக்கா ஹெலனின் புருஷனும் சைக்கிள் ரிப்பேர்காரனுமாகிய கிளாரன்ஸ் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகம். ரிச்சர்ட்ஸ் டவுனில் உன் சைக்கிள் சுகமில்லை என்று வாட்சாப்பில் கண்டோம், நம்ம கேஜிஎஃப் சொந்தம் நாப்பது பேரும் கண்டார்கள். போன் பண்ணா எடுக்க மாட்டேங்கற, குரூப்ல இருந்தும் என்னைத் தூக்கிட்ட, அதான் நாலாங்கிளாஸ் கையெழுத்துல வர்றேன். தப்பு இருந்தா உன் ஆபீஸ்ல யாரையாவது வெச்சுத் திருத்திக்கோ.

"மாமாவுக்குக் கண்ணு போச்சு, அவரு கை வெச்சதுல இருந்து கேசட்டு ஆடுது"ன்னு வீடியோ போட்டியே, அதுல முதல்ல நீ பின்சக்கரத்தைச் சுத்தி விடற, கேசட்டுங்கற அந்தப் பல் சக்கரக் கொத்து லேசா அலையுது. அது புதுசுலயும் அலையும் ராசா, நீ கல்யாணத்துல நடந்து வந்த மாதிரி, அது வியாதி இல்ல. ரிம்மைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் ஆட்டணும். ரிம் ஆடினா சக்கரத்து நடு ஹப்புல பேரிங் போச்சு. உன்னுது ஆடல. கடைசியில நீயே விரலால ஆட்டிக் காட்டற பாரு, பல்லு மட்டும் கடகடங்குது, அப்படின்னா ரெண்டே காரணம். ஒண்ணு, பல்லுக்கு அடியில போடற மெல்லிசு வளையம் விட்டுப்போயிருக்கணும், மேல லாக்கை எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. அது கத்துக்குட்டி பண்ற வேலை. இல்லேன்னா உள்ள ஹப்பு தேஞ்சிருக்கணும். கார் கழுவற பைப்பால சைக்கிள் இடுப்புல தண்ணி பீச்சி அடிக்கறவனுக்கு வேற என்ன தேயும்?

ஆயுத பூஜைக்கு மொத நாள் உன் கேசட்டைக் கழட்டினேன். எல்லா வருஷமும் போல பக்கத்து வெல்டிங் கடை முனிராஜ் வந்து என் ஸ்பேனரெல்லாம் அள்ளிட்டுப் போய்க் கழுவி, பூஜைத் தட்டுல அடுக்கி, குங்குமம் வெச்சுக் கொடுத்தான், நான் அவரை விட்டுடலன்னு ஏசுவுக்கும் தெரியும். மறுநாள் மாட்டினேன். மாட்டி முடிச்சப்போ டப்பாவுல ஒரு பொருள் மிச்சமில்ல. இருபத்தாறு வருஷத்துல இருந்ததில்ல.

உன் வீடியோவுக்கு அப்புறம் உன் கூட சைக்கிள் ஓட்டற ஒருத்தனும் கடைப்பக்கம் திரும்பல. நீ அத்தோட விட்டியா, ஹெலன் காதுல ஓதி, ஏதோ கம்பெனி கேட்ல எனக்கு செக்யூரிட்டி வேலை பேசி வெச்சிருக்க. மாசக் கடைசியில கடையைக் காலி பண்ணுங்கறா. "உட்கார்ந்தே சம்பளம் வாங்கலாம், தம்பி எவ்வளவு பாசமா இருக்கான்"ங்கறா. அந்தப் பாசத்துல எனக்கு சோறு இறங்கல. கேளு மச்சான், தப்பு என் கையிலன்னு தெரிஞ்சா அன்னைக்கே நானே ஷட்டரை இறக்கிடறேன். இல்லேன்னா நாப்பது பேரு முன்னாடி நீ சொன்னதை நாப்பது பேரு முன்னாடியே திருப்பி எடுக்கணும்.

உனக்கும் உன் சம்சாரத்துக்கும் கர்த்தர் நல்ல புத்தியும், உன் ஹப்புக்கு கிரீஸும் அருள்வாராக.

இப்படிக்கு,
கண்ணு நல்லா இருக்கற மாமா,
கிளாரன்ஸ்

பி.கு: கவரை ஒட்டற நேரத்துல முனிராஜ் சம்சாரம் சந்திரம்மா வந்தாங்க. தீபாவளிக்குப் பூஜைத் தட்டு தேய்க்க எடுத்தாங்களாம், அடியில ஒட்டிட்டு இருந்துச்சாம், "நிம்தா அண்ணா? உங்களுதா?"ன்னு நீட்டினாங்க. மெல்லிசு வளையம். குங்குமம், சந்தனம், ஒரு சாமந்தி இதழ். சைக்கிளைக் கொண்டு வா, மாட்டிட்டு ஷட்டரை இறக்கறேன். செக்யூரிட்டி சட்டை நாப்பத்திரண்டு சைஸ். பேண்ட்டு கொஞ்சம் லூசா இருக்கட்டும், உட்கார்ற வேலைதானே.