மேல் தாடையைத் தூக்கலாமா, வேண்டாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதுவது. உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் முன்பைவிடக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் சௌக்கியம். என் மேல்வரிசை முன்பற்களும் கீழ்வரிசை முன்பற்களும் மட்டும் பிறந்ததிலிருந்து ஒன்றை ஒன்று தொட்டதே இல்லை என்பது போன வாரம்தான் தெரியவந்தது.

நம் கதவுப் பட்டறையில் ஒரு கதவின் கண்ணாடி ஓரத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தோம். கண்ணாடி மாட்டுகிறவர் டேப்பைப் பல்லால் நறுக்கென்று அறுத்தார். கத்தியைக் காணவில்லை என்பதால் நானும் கடித்தேன். டேப் நனைந்ததே தவிர அறுபடவில்லை. "என்ன சார், டேப்பைச் சப்பிக் குடுக்கறீங்க? நல்லாக் கடிங்க" என்றார். "கடிச்சுக்கிட்டுத்தானய்யா இருக்கேன்" என்றேன். குனிந்து பார்த்தவர், "அடப்பாவமே, முன்னாடி திறந்தே கிடக்கு!" என்று கூவ, பட்டறையே கூடிவிட்டது. பின்பற்களை இறுகக் கடித்த நிலையில் முன்பற்களுக்கு நடுவே ஒரு பென்சில் தாராளமாகப் போய்வந்தது. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தேன்! ஒவ்வொருவரையும் நிற்க வைத்துக் கடிக்கச் சொல்லிப் பார்த்தேன். கணக்கரின் பொய்ப்பல் செட்டுகூடக் கச்சிதமாகப் பொருந்தியது. யார் வீட்டுக் கதவில் இடுக்கு இருந்தாலும் வாசலிலேயே கண்டுபிடிக்கிறவன் நான். சொந்த வாயில் இருந்தது தெரியவில்லை. வீட்டில் சொன்னால் உன் தம்பி பெண்டாட்டி, "நீங்க ரொட்டியைக் கடிக்காம பிடிச்சு இழுக்கறதை ஏதோ குடும்ப வழக்கம்னு நெனச்சு நானும் கேக்கல" என்கிறாள். நீயும் ஒருமுறை கண்ணாடி முன் நின்று கடித்துப் பார்த்து எழுது.

சரி, அப்படியே விட்டுவிடலாம் என்றால் பல் வரிசையைச் சீர்செய்யும் டாக்டர் விடவில்லை. முன்பற்கள் சும்மா இருக்க, மெல்லும் பாரமெல்லாம் கடைவாய்ப் பற்கள்மேல் விழுந்து, ஒன்றில் விரிசலே விட்டிருக்கிறதாம். "ரெண்டு வழி இருக்கு சார். கம்பி மட்டும் கட்டிப் பல்லை இழுத்துக் கொண்டுவரலாம். இல்லன்னா கம்பியும் கட்டி, மேல்தாடையை அறுத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் மேல தூக்கி, தகடு வச்சுத் திருகிடலாம்; கடைவாய் மேல போனா கீழ்த்தாடையும் ஏறி முன்னாடி மூடிக்கும்" என்றார். முதலில் கம்பி, பிறகு பார்த்துக்கொள்வோம் என்றேன். அது நடக்காதாம். இந்த வழிக்குப் பல்லை ஒரு பக்கம் நகர்த்த வேண்டும், அந்த வழிக்கு வேறு பக்கம். ஆகவே கம்பி கட்டும் முன்பே முடிவு வேண்டும். ஆபரேஷன் என்றால், அது நடக்கும்வரை இடுக்கு இன்னும் பெரிதாகக்கூடத் தெரியலாமாம். அதாவது, கதவைச் சீவுவதா, நிலையையே பெயர்த்து வைப்பதா என்கிற கேள்வி. இப்படிச் சொன்னதும் விஷயம் எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது, அதுதான் தொந்தரவு. என்ன திருகு, என்ன உலோகம், துரு ஏறாதா, பிறகு கழற்றுவீர்களா என்று கேட்டுக்கொண்டே, மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் மண்டை ஓட்டின் தாடையை ஆட்டிப் பார்த்து, கீல் இறுக்கமாக இருக்கிறதே என்றேன். "சார், தயவுசெஞ்சு அதைக் கீழ வைங்க" என்றார்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. உன் தம்பி பெண்டாட்டி டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை வாரம் இவரு பேசக் கூடாது?" பதிலைக் கேட்டு அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். மகள் என் போட்டோவைப் போனில் ஏதோ செய்து, தாடையைத் தூக்கிக் காட்டினாள். "அப்பா, அப்படியே நம்ம மாமா!" என்றாள். பார்த்தேன். என் மச்சானேதான். கல்யாணமான நாளிலிருந்து யாரோடு வாக்குவாதம் செய்கிறேனோ, அவரையே தினம் காலையில் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்ய என்னால் ஆகாது. வேடிக்கை இருக்கட்டும், அக்கா. மேலுதடும் கன்னமும் சில மாதம் மரத்திருக்கும், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அன்றிலிருந்து டீ குடிக்கும்போதெல்லாம் உதட்டில் சூடு படுகிறதா என்று கவனிக்கிறேன். நன்றாகப் படுகிறது. இதை எதற்கு விட வேண்டும்? ஆகவே தீர யோசித்து முடிவெடுத்துவிட்டேன்: ஆபரேஷன் வேண்டாம், கம்பி மட்டும் போதும். இந்த வயதில் கம்பியா என்று சிரிக்காதே. சிரித்தாலும் வாயை நன்றாகத் திறந்து சிரி, உன் பல்லையும் யாராவது பார்க்கட்டும்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உனக்கு எப்போதும்போல் பாதி அன்பும் பாதி பயமும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: இதை உறையில் போடும் முன் டாக்டரிடம் முடிவைச் சொல்லிவிட்டு வந்தேன். அவரும் சரி என்று தலையாட்டினார். கிளம்பும்போது, சும்மா தெரிந்துகொள்ளலாமே என்று, "அப்போ கம்பியிலயே முன்பல் மூடிக்குமில்ல?" என்றேன். "கிட்டத்தட்ட மூடிடும் சார்" என்றார். அக்கா, கிட்டத்தட்ட மூடும் கதவை மாட்டிவிட்டு நான் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பியதில்லை. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, தாடையைத் தூக்கியே விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.