உழாதே சாரும் என் உளுந்து வயலும்

கலப்பையைப் பார்த்தால் கண்ணீர் விடும் ஒரே விவசாய அதிகாரி உலகத்திலேயே எங்கள் உழாதே சார்தான். சொந்தப் பெயர் அவருடைய சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும். "மண்ணை உழாதே, வைக்கோலால மூடு" என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்ததில் வந்த பட்டம். மண்புழுக்களை "நம்ம ஸ்டாஃப்" என்பார். யாராவது மண்வெட்டியை ஓங்கினால் போதும், "பாத்து வே! ஸ்டாஃப் டியூட்டியில இருக்காங்க" என்று ஓடி வருவார்.

நானோ உழவுக்கும் கூலிக்கும் கொடுத்து நொந்துபோய், இருக்கிற ஒரே வயலை விற்றுவிடலாமா என்று இருந்தேன். என் வீட்டுக்காரி தீர்ப்புச் சொன்னாள்: "இந்த ஒரு தடவை சார் சொல்லுகதக் கேப்போம். முளைக்கலைன்னா வித்துத் தொலையும்."

கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் அறுத்த ஈரத்தில், உழாமலே உளுந்து விதைத்து, மேலே வைக்கோல் பரப்ப வேண்டும். இதற்கு எல்லோரும் ஒத்துழைக்கணுமாம். டிராக்டர்காரரையும் வைக்கோல் வியாபாரியையும் டீக்கடையில் உட்கார வைத்து, பழம்பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார் சார்.

"உழ வேண்டாம்னா, எனக்க டிராக்டரை ஷோகேசிலயா வைக்க?" என்று சீறினார் டிராக்டர்காரர்.

"அதுல வைக்கோல் கொண்டு வாரும்."

"வைக்கோல் கேரளாவுக்குல்லா போவுது சார்," என்றார் வியாபாரி.

"பாதியை அனுப்பும். மீதி இல்லைன்னா எனக்க ஸ்டாஃப் வெயிலுல செத்துப்போவும்!"

ஆறாவது பஜ்ஜியில் இருவரும் சம்மதித்தார்கள்.

விதைத்தோம், மூடினோம். வந்தது வினை. எங்கள் நாஞ்சில் நாட்டில் உழாமல் கிடக்கிற வயலுக்கு ஒரே அர்த்தம்தான்: பிளாட் போடப் போகிறார்கள்! மறுநாளே ஒரு புரோக்கர் கயிறும் குச்சியுமாக வந்து அளந்தார். துபாயிலிருந்து என் தம்பி, "சோறு போட்ட வயல வித்துட்டியா அண்ணே?" என்று போனில் அழுதான். சபை போதகர் வீடு தேடி வந்து ஆறுதல் ஜெபமே பண்ணிவிட்டார்.

கடுப்பான சார், 'இந்த வயல் விற்பனைக்கு அல்ல' என்று பெரிய போர்டு எழுதி நட்டார். கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. "விலை ஏத்தத்தானே போர்டு? ஒம்ம மனசுல உள்ளதச் சொல்லும்" என்று ஆளாளுக்குப் பேரம். ஐந்து நாளாகியும் ஒரு முளை கண்ணில் படவில்லை. எனக்கும் சபலம் தட்டியது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆறாம் நாள் காலை புரோக்கர் பத்திரக்காரரோடு வந்து நின்றார். சார் திடீரென்று வயலில் குப்புற விழுந்தார்.

"ஐயோ, மயக்கமா சார்?"

"சத்தம் போடாதேயும் வே. முளைக்குது!"

வைக்கோலை விலக்கினால், பச்சையாக இரண்டு இலை. எங்களோடு புரோக்கரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேட ஆரம்பித்துவிட்டார். "சார், இங்க ஒண்ணு! அன்னா அங்க நாலு!" வந்த வேலை அவருக்கு மறந்தே போயிற்று.

விளைச்சல் பரவாயில்லை. டிராக்டர்காரர் இன்றும் டீக்கடையில், "நான் உழாததுனாலதான் விளைஞ்சுது" என்று மார்தட்டுகிறார்.

சார் மாற்றலாகிப் போய்விட்டார். வயல் எங்கள் பெயரிலேயே இருக்கிறது. பட்டாவில் ஓரமாக இடமிருந்தால் அவர் பெயரையும் சேர்த்து எழுதியிருப்பேன்.