முட்டுச் சோறு

இந்தக் கதையைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. மருதங்கரை நாட்டு மன்னருக்கு மீசை இருந்ததா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த ஆறு எந்தத் திசையில் ஓடியது என்பதும் கலங்கிவிட்டது. பாலத்துக்கு அடியில் விரித்த வாழை இலைகள் மட்டும் கலங்கவில்லை. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதைச் சொல்கிறேன்.

மருதங்கரையில் மன்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குப் பெட்டியிலிருந்து பிறப்பார். அப்படி இரண்டாம் முறை பிறந்த மன்னர், பதவியேற்ற அன்றே நாட்டுக்கு ஒரு கார் ஆலையும், ஒரு பம்பு ஆலையும், ஆற்றின் குறுக்கே ஒரு பாலமும் தரப்படும் என்று அறிவித்து, மூன்றுக்கும் அடிக்கல் நாட்டினார். அடிக்கல்லுக்கு மேல் அடுத்த கல்லை வைக்க ஆள் வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் அரண்மனைக்குத் தெரிந்தது.

ஆள் தேடும் பொறுப்பு அஞ்சுகத்திடம் வந்தது. அவள் ஆள்சேர்ப்பு அலுவலர். அக்கரையில் பிறந்தவள். அக்கரைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் படகில்தான் வர வேண்டும். அவளுடைய அக்கா பிரசவ வலியோடு அப்படி ஒரு படகில் ஏறி, கரை சேராமல் போனாள். அஞ்சுகம் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. கால் நனையாமல் அக்கரைக்கு நடந்து போகும் நாள் வரை அந்த நாற்காலியை விடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்திருந்தாள்.

அந்த நாட்டுக் கட்டுமானக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கான்கிரீட் இறுகி, அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளைத் தட்டி எடுக்கும் நாளில், கட்டியவர்கள் எல்லாரும் அதன் கீழே இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர்கள் சாப்பிடும்போதே முட்டுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படும். அதற்கு முட்டுச் சோறு என்று பெயர். அஞ்சுகம் ஆள் எடுக்கும் முறையும் அதிலிருந்தே வந்தது. பட்டறை வாசல்களிலும் டீக்கடைகளிலும் போய் நிற்பாள். யாருக்கு என்ன தெரியும் என்று விசாரிக்க மாட்டாள்.

"யாரு கட்டுனதுக்குக் கீழ உட்கார்ந்து சோறு தின்பீங்க?" என்பாள்.

  ஒரு பெயர் வரும். அடுத்த கடையிலும் அதே பெயர் வந்தால் அந்த ஆளைத் தேடிப் போவாள். கான்கிரீட்டுக்கு முட்டும் பலகையும் அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரி இருளப்பனையும், வெல்டர் நூர்ஜஹானையும், இன்னும் பல கொத்தனார்களையும் ஃபிட்டர்களையும் டர்னர்களையும் அப்படித்தான் சேர்த்தாள். கார் ஆலை, பம்பு ஆலை, பாலக் கட்டுமானம் ஆகிய மூன்றையும் எடுத்து நடத்திய முதலாளிகள் மகிழ்ந்தார்கள்.

அந்த மகிழ்ச்சி, திறன்வள அமைச்சர் கோதண்டபாணியின் காதுக்கு எட்டியது. அவர் அஞ்சுகத்தை அழைத்தார்.

"அம்மையீர், டீக்கடையில் கேட்டு ஆள் எடுப்பது ஓர் அரசாங்கத்துக்கு அழகல்ல. இனித் தேர்வு வைத்துச் சான்றிதழ் வழங்கப்படும். சான்றிதழ் இல்லாதவர் திறனற்றவர் என்று சட்டம் சொல்லும்."

"தேர்வுல என்ன கேப்பீங்கய்யா?"

"மாமன்னரின் இளமைக்காலம் குறித்து நூறு கேள்விகள்."

"கம்பிய வளைக்கணும், தளம் போடணும். அதுக்கு..."

"வளையும். தேவைப்பட்டால் கம்பிக்கும் ஓர் ஆணை பிறப்பிப்போம்."

அமைச்சர் சிரிக்கவில்லை. அஞ்சுகமும் சிரிக்கவில்லை.

தேர்வுக்கூடத்தில் புதுக் கம்பளம் விரித்திருந்தார்கள். கையில் கிரீஸும் காலில் சிமென்ட்டும் உள்ளவர்கள் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். எனவே தேர்வு எழுத வேண்டியவர்களில் எவரும் எழுதவில்லை. உள்ளே போனவர்கள் அமைச்சரின் மைத்துனர்களும், வட்டாரச் செயலாளர்களும், சுவரொட்டி ஒட்டுவதில் முன்னின்றவர்களும்தான். எல்லாரும் தேறினார்கள். பட்டமளிப்பு விழாவில் முதல் சான்றிதழை மன்னர் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டார். முதல்நிலைக் கைவினைஞர், வரிசை எண் ஒன்று. இரண்டாவது கோதண்டபாணிக்கு.

சான்றிதழ் இல்லாததால் வேலை இழந்தவர்கள் பக்கத்து நாட்டுக்குக் கிளம்பினார்கள். அந்த நாட்டு ஆலைக்காரர்கள் எல்லையிலேயே பந்தல் போட்டு, மோர் கொடுத்து வரவேற்றார்கள். பதறிப்போன அரண்மனை, திறன் பெற்றோர் எவரும் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று அடுத்த ஆணையைப் போட்டது. எல்லையில் காவலர் இருளப்பனை மறித்தார்.

"உனக்கு ஏதாச்சும் தொழில் தெரியுமா?"

"முப்பது வருசமா சென்ட்ரிங் போடுறேன். ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கவருமென்ட்டு சொல்லிருச்சே."

காவலர் ஆணையை எடுத்து இரண்டு முறை படித்தார். "அப்பப் போ. தெரிஞ்சவனத்தான் விடக் கூடாது."

பின்னால் நின்ற நூர்ஜஹான் கேட்டாள், "எனக்கும் ஒண்ணும் தெரியாதுண்ணே. போலாமா?"

"சாட்சி இருக்கா?"

"மந்திரியே சாட்சி."

அவளும் போனாள். இப்படியாக மருதங்கரையில் தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் சட்டப்படி வெளியேறினார்கள். சான்றிதழ் பெற்றவர்கள் சட்டப்படி உள்ளேயே இருந்தார்கள்.

கார் ஆலையிலிருந்து முதல் கார் வந்தது. அதன் கதவைத் திறந்தால் மூட முடியவில்லை. காற்றோட்டமுள்ள கார் என்று அறிவித்தார்கள். பம்பு ஆலையின் பம்புகள் தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியே விடவில்லை. நீர் சேமிப்பு விருதை அந்த ஆலைக்கே வழங்கினார்கள். பாலமும் ஒருவழியாக எழுந்தது; ஆவணத்தில் அதைக் கட்டியவர்கள் சான்றிதழ் பெற்ற எல்லாரும்தான். அதன் கீழே முட்டுகள் மரக்காடு போல நின்றன.

முதலாளிகள் அஞ்சுகத்தின் அறைக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "வேலையை விட்டுட்டுப் போயிடும்மா, உனக்கும் மரியாதையா இருக்கும்" என்றார் கார் ஆலைக்காரர். அவள் நாட்காட்டியை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"முட்டுச் சோத்துக்கு நாள் குறிச்சிருக்கேன். நீங்களும் வாங்க" என்றாள்.

கட்டியவர்களை அழைத்து இலையில் உட்கார வைப்பது ஆள்சேர்ப்பு அலுவலரின் கடமை. எந்த ஆணையும் அதை மாற்றியிருக்கவில்லை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. விழா நாளில் இரு கரையிலும் மக்கள் திரண்டார்கள். மேளம் முழங்க வந்த மன்னர், ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை எதிர்பார்த்துக் கையை நீட்டினார். அஞ்சுகம் கை கழுவச் செம்பில் தண்ணீர் நீட்டினாள்.

"முதல்நிலைக் கைவினைஞர், வரிசை எண் ஒன்று. உங்க இலை நடுவுல போட்டிருக்கு மகாராஜா. சாம்பார் சூடா இருக்கு."

மன்னர் பாலத்தின் அடியில் எட்டிப் பார்த்தார். மேலிருந்து ஒரு சிமென்ட் சில்லு பெயர்ந்து அவருடைய இலையில் விழுந்தது. மேளக்காரர்கள் தாமாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

"நீங்கள் உட்காரவில்லையா, அம்மையீர்? ஆள் எடுத்தவரும் உடன் உட்காருவதுதானே வழக்கம்?" என்றார் கோதண்டபாணி.

"நான் எடுத்த ஆளுங்க யாரும் இதுல இல்லய்யா. இருந்திருந்தா இந்நேரம் உட்கார்ந்திருப்பேன்."

கூட்டம் மன்னரையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தது. அது மன்னருக்குப் பிடிக்கவில்லை. அமைச்சரின் காதில் ஏதோ சொன்னார். அங்கேயே ஓர் ஆணை வாசிக்கப்பட்டது: மருதங்கரையின் முட்டுகள் தேசத்தின் கலைச்செல்வம். அவை என்றும் பிரிக்கப்படா. பிரிக்கச் சொல்வோர் வளர்ச்சியின் எதிரிகள்.

ஐப்பசி மழைக்கு இந்த ஆணை தெரியாது. வெள்ளம் உருட்டி வந்த மரங்கள் கலைச்செல்வத்தை வேரோடு பெயர்த்துப் போயின. பாலம் நடுவில் வளைந்து, பிறகு முறிந்து, ஆற்றுக்குள் குப்புற விழுந்தது. அதை நம்பாமல் அக்கரைக்காரர்கள் படகிலேயே போய்வந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

பாலம் ஓய்வெடுக்கிறது என்று அரண்மனை தெரிவித்தது. கோதண்டபாணி அஞ்சுகத்தை மறுபடி அழைத்தார்.

"ஆற்றில் கிடப்பதை அகற்ற வேண்டும். குப்பை அள்ளும் வேலை. சான்றிதழ் பெற்றோரின் கைகள் அழுக்காகக் கூடாது. திறனற்றவர்களாகப் பார்த்து எடுங்கள்."

 

"புரிஞ்சுதுய்யா. திறமை இல்லாதவங்க எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்."

எல்லைக்கு அப்பால் ஒரு மேம்பால வேலைக் களத்தில் இருளப்பனைக் கண்டாள். வந்த காரியத்தைச் சொன்னாள். அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். 

"குப்பை அள்ளக் கூப்பிடுறியா தாயி? தொரத்தி விட்டுட்டு?"

"காகிதத்துல குப்பைதான் மேஸ்திரி. அள்ளுன எடத்துல நீங்க என்ன வைக்கிறீங்கன்னு கேக்க ஆணை கிடையாது."

"நாளைக்குப் புடிச்சு உள்ள போட்டா?"

"ஒங்களப் புடிக்க முடியாது. ஒங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. என்னத்தான் புடிப்பாங்க."

இருளப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நூர்ஜஹானு கிட்டயும் சொல்லணும். அது இல்லாம கம்பி வேலை ஓடாது."

"வெளிய நிக்கிறா. நேத்தே சொல்லிட்டேன்."

அவர்கள் வந்தார்கள். கட்டுமான முதலாளி தம் கிடங்கைத் திறந்துவிட்டார். குப்பை அள்ள எதற்குச் சிமென்ட் என்று கணக்கு அதிகாரி கேட்டார். பள்ளத்தை மூட என்றாள் அஞ்சுகம். கம்பி எதற்கு என்றார். மூடியதைப் பிடித்து நிறுத்த என்றாள். ஆவணங்களில் இடிபாடு அகற்றும் பணி திருப்திகரமாக நடந்தது. அது நடக்க நடக்க ஆற்றில் தூண்கள் உயர்ந்தன.

முட்டு பிரிக்கும் நாளில் மேளம் இல்லை. இலைகளை அக்கரைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். இருளப்பனுக்கும் நூர்ஜஹானுக்கும் நடுவில் அஞ்சுகம் உட்கார்ந்தாள். முதல் முட்டு விழுந்தது. அவள் கை சோற்றில் அப்படியே நின்றது. அடுத்தது விழுந்தது, அதற்கடுத்தது. கடைசி முட்டும் விழுந்த பிறகு ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"சோத்தத் தின்னு தாயி. ஆறுது" என்றார் இருளப்பன்.

அவள் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, மேலே ஏறி, அக்கரைக்கு நடந்தாள். கால் நனையவில்லை.

இனி யார் யார் என்ன ஆனார்கள் என்று சொல்லிவிடுகிறேன். திறனற்றவர்களை வைத்து அனுமதியின்றிக் குப்பை அள்ளியதாக அஞ்சுகத்தைப் பணிநீக்கம் செய்தார்கள். அவள் அக்கரையில், மறைந்த அக்காவின் வீட்டில் இருக்கிறாள். இருளப்பன் பக்கத்து நாட்டுக்கே திரும்பிவிட்டார். நூர்ஜஹான் அங்கே ஒரு கார் ஆலையில் வெல்டர்களுக்குத் தலைமை வகிக்கிறாள். கார் ஆலைக்காரரும் பம்பு ஆலைக்காரரும் ஆலைகளை மூடிவிட்டு அவர்கள் பின்னாலேயே போனார்கள். கோதண்டபாணி கல்வி அமைச்சரானார். ஆவணங்களின்படி அந்த ஆற்றின் மேல் பாலம் ஏதும் இல்லை. ஆகவே அதில் நடப்பதைத் தடுக்கச் சட்டமும் இல்லை. அக்கரைப் பிள்ளைகள் இப்போது ஆஸ்பத்திரியில் பிறக்கிறார்கள்.

அடுத்த தேர்தலுக்கு மன்னர் அக்கரைக்கு வாக்குக் கேட்டு வந்தார். ஐந்தாண்டில் தாம் கட்டியெழுப்பியவற்றை மேடையில் வரிசையாகச் சொன்னார். மக்கள் கடைசிவரை கேட்டார்கள். அவர் சொல்லி முடித்ததும், எதிரே அவர் பெயர் பொறித்த புதுச் சமுதாயக் கூடத்துக்குள் ஒரு வாழை இலையை விரித்து, தண்ணீர் தெளித்து, சோறு போட்டு, அழைத்தார்கள்.

மன்னர் தமக்குப் பசியில்லை என்றார்.