டிக்கெட்டுக்கு முன்னால் டிசி

கல்வராயன் மலையில் இடி இடித்தால்கூடச் சிலருக்குக் கேட்காமல் போகலாம். எங்கள் பஸ் கண்டக்டரின் குரல் கேட்காதவர் யாரும் இல்லை. அவர் வெள்ளிமலையில் "ரைட்" சொன்னால், கள்ளக்குறிச்சியில் டீ குடிக்கிறவர் தம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

அவருக்கு டிசிக்காரர் என்று பெயர். பரீட்சை ரிசல்ட் வந்துவிட்டால் டிக்கெட்டையே மறந்துவிடுவார்.

"டிசி கையில கீதா? சாதிச் சான்று? மார்க் ஷீட்டு? எல்லாத்துக்கும் ரெண்டு ஜெராக்ஸு?"

ஒரு காகிதம் குறைந்ததால் அழுதுகொண்டே மலைக்குத் திரும்பிய பிள்ளைகளை நிறையப் பார்த்தவராம். மாலையும் கழுத்துமாக ஏறிய புது மாப்பிள்ளையைக்கூட விடவில்லை.

"கல்யாணம் ஆனா இன்னா? கைத்தொழில் சொல்லித் தர்ற சமுதாயக் கல்லூரியில வயசு பாக்க மாட்டாங்க. ஏசி மெக்கானிக்கு சேந்துக்கோ."

பக்கத்தில் இருந்த மாமனார், வேலை இல்லாதவனோ என்று மாப்பிள்ளையை அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

இன்னொரு நாள் ஒரு பெண் சாதிச் சான்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். கொண்டை ஊசி வளைவில் விசில் அடித்து நிறுத்தி, எதிரே மலை ஏறி வந்த பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டார். "ஒரிஜினலைக் காட்டு, ஜெராக்ஸைக் குடு. ஒரிஜினலை வாங்கி வெச்சுக்கினா ரசீது கேளு" என்று அந்த பஸ் மறையும்வரை கத்தினார்.

அடிவாரத்தில் இருக்கும் எனக்கு அந்தக் குரல் என்றாலே பயம். காரணம், எனக்கும் ஒரு ஆசை இருந்தது. அந்தக் கல்லூரியில் தையல் படிக்க வேண்டும். நானோ ஐந்தாவதோடு நின்றவள், பேரன் எடுத்தவள், நாலு பேர் பார்த்தால் முந்தானைக்குள் போய்விடுகிறவள். வீட்டில் சந்தைக்கு என்று சொல்லிவிட்டு, கீரைக்கட்டுக்கு அடியில் டிசியை வைத்துக்கொண்டு ஏறினேன். யாராவது சிரித்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவது என்று முடிவு.

கீரைக்கு நடுவே எட்டிப் பார்த்த டிசியை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஆயா, பேரனுக்கா?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"எனக்குத்தாங்க" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

மனிதர் சுற்றும் முற்றும் பார்த்தார். குனிந்தார். அந்த வாயிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"எந்த கோர்ஸு?"

"தையலுங்க."

"போட்டோ கீதா?"

சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த படத்தைப் பையிலிருந்து எடுத்தேன். மகன் கல்யாணத்தில் எடுத்தது, கண்ணாடி போட்டது.

"இதை எப்படி ஆயா ஒட்டுவாங்க?" என்றார், அதையும் ரகசியமாகவே.

பிறகு முன்சீட்டில் உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கல்லூரிக்கு ஃபோன் போட்டார். "சத்தமாப் பேசுங்க சார், ஒண்ணும் கேக்கல" என்று ஃபோனில் கல்லூரி அம்மா ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. அவரிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அந்த அம்மாதான்.

திரும்பி வந்து என் காதோரம் சொன்னார். "சில கோர்ஸுக்குத்தான் எட்டாவது, பத்தாவது கேப்பாங்களாம். தையலுக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதுமாம். நாளைக்குத்தான் கடைசித் தேதி. எறங்கினதும் போட்டோ புடிச்சுக்கினு நேரா போ."

சேர்ந்துவிட்டேன். என்னை நம்பி முதலில் துணி கொடுத்தவரும் அவர்தான். காக்கிச் சட்டையில் பை கிழிந்திருந்தது. புதுப் பை வைத்துத் தைத்தேன். கோணலாக வந்தது. விசிலைப் போட்டால் ஒரு பக்கமாகச் சரிகிறது. பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று பஸ்ஸில் வைத்துச் சொன்னேன்.

"வேணாம் ஆயா, நீ தெச்சது இதுவே நல்லாக்கீது" என்றார், பழைய குரலில், மலைக்கே கேட்கும்படி.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் முந்தானையைத் தேடவில்லை.