மூன்றாவது போல்ட்

"இனிமே இந்த வண்டியில எந்த மெக்கானிக் கையும் படக் கூடாது. நானே பிரிப்பேன், நானே மாட்டுவேன்" என்று பூகோள வாத்தியார் சனிக்கிழமை காலையில், காபி குடிக்கும் முன்பே அறிவித்தார்.

"தாராளமா. திங்கக்கிழமை எனக்கு வண்டி வேணும், அவ்வளவுதான்" என்றாள் மனைவி.

அந்தத் திங்கட்கிழமைதான் வாத்தியாருக்கு இடித்தது. அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருந்தாள். கத்திக்கொண்டு உள்ளே வருகிறவர்களை நன்றி சொல்லிவிட்டுப் போகவைப்பது அவள் வேலை. அதை நன்றாகவே செய்ததால் பதவி உயர்வு கொடுத்து ஊரின் மறுகோடி அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். வாத்தியாரின் பள்ளிக்கூட வாசலிலோ பஸ்ஸே வந்து நிற்கிறது. ஆகவே வண்டி இனி அவளுக்கு என்று முடிவாயிற்று. வாத்தியாரும் தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான் யோசித்தார். அவளுக்கும் கார் ஓட்டத் தெரியும். ஆனால் வாங்கிய நாளிலிருந்து அந்த ஸ்டியரிங்கை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. கதவை யாராவது ஓங்கிச் சாத்தினால் அவருக்குப் பல் கூசும்.

வண்டிக்கும் அவர் மனசு புரிந்ததோ என்னவோ, அந்த வாரமே சூடேற ஆரம்பித்தது. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் இடத்தில் ஒரு மூடி. அதன் அடியில் கசிவு. மெக்கானிக்கிடம் விட்டால் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். அதனால்தான் விடவில்லை. அவர் திட்டம் எளிமையானது. எஞ்சினைத் திறப்பது, திறந்தபடியே வைத்திருப்பது. ஒரு மாதம் பஸ்ஸில் போய்ப் பழகிவிட்டால் அவளே வண்டியை மறந்துவிடுவாள்.

மூடிக்கு மூன்று போல்ட். இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது வரவில்லை. ஸ்பானரைப் பிடித்துத் தொங்கியும் வரவில்லை. வாத்தியாருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. என்ன பொய் சொல்லலாம் என்று வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவருக்கு வண்டி ஓர் உண்மையையே எடுத்துக் கொடுத்துவிட்டது.

சமையலறை ஜன்னலுக்குக் கேட்கும்படி முனகினார்.

"என்ன, வரலையா?" என்றாள் ஜன்னலிலிருந்து.

"வராது."

"ஏனாம்?"

"துரு. போல்ட் இரும்பு, எஞ்சின் அலுமினியம். ரெண்டும் பத்து வருஷமா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே இருந்து ஒரே உடம்பா ஆயிடுச்சு."

"நமக்கும்தான் பதினாலு வருஷம் ஆகுது. அப்படி ஒண்ணும் ஆகலையே."

"கிண்டலா இருக்கா உனக்கு? இங்க உயிர் போகுது."

உயிர் போவதைக் காட்ட ஸ்பானரை இன்னும் ஓங்கி இழுத்தார். டக்கென்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை தனியாக வந்து அவர் மடியில் விழுந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தார். தலையில்லாத முண்டம் விரலகலத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது.

"உடைஞ்சிடுச்சு!" என்றார். துக்கத்தைக் குரலில் சேர்க்கச் சற்றுத் தாமதமாகிவிட்டது. "இனி ஒரு மாசம் ஆகும். கூடவே ஆகலாம்."

"அப்படியா, சரி" என்றாள்.

புகார்ப் பிரிவில் அவள் 'சரி' என்று சொல்லிவிட்டால் எதிரே நிற்கிறவர் சுதாரித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வாத்தியார் அந்த அலுவலகம் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் வண்டிப் பக்கம் போனாள். ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் பக்கத்து வீட்டில் வாங்கிய உளி.

"எங்க போற?"

"நீங்க படிங்க. ரெண்டு தட்டு தட்டிப் பார்க்கறேன், வந்தா வரட்டும்."

வாத்தியார் பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினார். அவள் உளியை எஞ்சின்மேல் வைத்து, சுத்தியலைத் தோளுக்கு மேல் ஓங்கியிருந்தாள்.

"அடிப்பாவி! அது அலுமினியம்டி! அப்பளம் மாதிரி நொறுங்கிடும்!"

"அப்போ எப்படித்தான் எடுக்கறது?"

"எடுக்க முடியாதுன்னு நேத்தே சொன்னேனே?"

"சரி, அப்போ அடிச்சே பார்த்துடறேன்." சுத்தியல் மறுபடி உயர்ந்தது.

"நிறுத்து! முதல்ல எண்ணெய் விடணும்."

அவள் சமையல் எண்ணெய்ப் பாட்டிலோடு திரும்பி வந்தாள். வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு, துருவை இளக்கும் எண்ணெயைத் தானே எடுத்துவந்து வேரில் படும்படி விட்டார். கொஞ்ச நேரம் ஊறட்டும் என்றார்.

"சூடு பண்ணினா இளகும்னு எங்கயோ கேட்டேன்" என்று அவள் தலைமுடி காயவைக்கும் மிஷினைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது போல்ட்டுக்குச் சளி பிடிச்சிருந்தா உதவும். தள்ளு." எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, கேஸ் டார்ச்சின் சின்ன நாக்கைப் போல்ட்டைச் சுற்றி நிதானமாகச் சுழலவிட்டார். அணைத்தார். மெழுகுவத்தி ஒன்றை வேரில் ஒற்றினார். மெழுகு உருகி, போல்ட்டின் திருகு வரிகளான மரைக்குள் இறங்கியது.

"அட!" என்றாள் அவள். அந்த 'அட' வாத்தியாருக்கு உச்சந்தலைவரை ஏறியது.

அவள் கிரிப் பிளையரால் முண்டத்தைக் கவ்வி, கழற்றும் பக்கமாக வெடுக்கென்று இழுக்கப் பார்த்தாள்.

"ஐயோ, அந்தப் பக்கம் இல்ல! முதல்ல இறுக்கு!"

"கழட்டணும்னா எதுக்கு இறுக்கணும்?"

"ஒரு மயிரிழை இறுக்கு, துரு பிடி விடும். அப்புறம் ஒரு மயிரிழை தளர்த்து. மறுபடி இறுக்கு. அவசரப்பட்டா அடியோட முறிஞ்சிடும். கையில விஷயம் இருக்கு... கொடு இங்க."

வாங்கிக்கொண்டார். கொஞ்சம் இறுக்கினார், கொஞ்சம் தளர்த்தினார். மூச்சை அடக்கிக்கொண்டார். எங்கோ ஆழத்தில் கிறீச்சென்று ஒரு முனகல். பிறகு இன்னொன்று. போல்ட் ஒரு கால் சுற்றுச் சுற்றியது. அப்புறம் அரை. முழுதாகக் கையோடு வந்தபோது வாத்தியார் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"வந்துடுச்சு! பாரு, மரை ஒண்ணுகூடக் கெடலை!"

"நீங்க எடுத்துடுவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள். சட்டைப் பையிலிருந்து மூன்று புதுப் போல்ட்டையும், மூடிக்கு அடியில் கசிவை அடைக்கும் ஒரு கேஸ்கட்டையும் எடுத்து நீட்டினாள். அளவு அச்சு அசலாக இருந்தது.

வாத்தியாரின் முகத்திலிருந்த சிரிப்பு இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

சாயங்காலத்துக்குள் மூடி ஏறியது, தண்ணீர் நிறைந்தது, எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே வாத்தியார் கேட்டார்.

"ஒரு விஷயம் சொல்லு. நிஜமாவே அடிச்சிருப்பியா?"

"உளியைத் தலைகீழா வச்சிருந்தேனே, நீங்க கவனிக்கலையா?"

அவர் கவனிக்கவில்லை.

"எப்போ கண்டுபிடிச்சே?"

"போல்ட் உடைஞ்சதும் சிரிச்சீங்களே, அப்போ."

வாத்தியார் அவளையே பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அத்தனை கூட்டத்தை எப்படி நன்றி சொல்ல வைத்து அனுப்புகிறாள் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது போய்ப் பார்த்திருக்கலாம் என்று மட்டும் தோன்றியது. துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை அவரைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டாள். அவர் இதுவரை உட்கார்ந்தே பார்க்காத இடதுபக்க இருக்கை. கியர் மாற்றும்போது ஒரு சிணுங்கல்கூட இல்லை. அவர் மாற்றும்போது சிணுங்கும். இறங்கியவர் கதவைப் பிடித்தபடி நின்றார். கடைசியாக ஒரு முயற்சி.

"எதுக்கும் சூட்டு முள்ளைப் பார்த்துக்கோ. கொஞ்சம் ஏறினாலும் வீட்டுக்குத் திரும்பிடு. வண்டியை நான் பார்த்துக்கறேன்."

அவள் முள்ளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏறாதுங்க. நீங்க பார்த்த வேலையாச்சே."