இழவு வீட்டில் சானிடைசர்

இழவு வீட்டில் அழத் தெரியாதவன்கூட இருக்கலாம். விவரம் தெரிந்த மாப்பிள்ளை இருக்கக் கூடாது. நான் இருந்தேன்.

கொரோனா வந்த முதல் வருஷம், அரியாங்குப்பத்தில் மாமனார் மாரடைப்பில் காலமானார். டி.வி.யில் கொரோனா செய்தி பார்த்துப் பார்த்தே அரை டாக்டராகியிருந்த நான், புதுச்சேரி சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சானிடைசர் கேனோடு போய் இறங்கினேன். (மாலை வாங்க மறந்துவிட்டேன்.)

எங்கள் பக்கம் துக்கத்துக்கு வருகிற ஆண்கள் கையை நீட்டுவார்கள், வீட்டுக்காரர் தொடுவார். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். இரண்டையும் நான் ஒழித்தேன். நீட்டிய கைகளில் சானிடைசரை ஊற்றினேன். பெண்களை ஆறடிக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மாஸ்க்குக்குள் ஒப்பாரி எடுபடவில்லை. இந்தக் கோடியில் ஒருவர் தொடங்கினால் அந்தக் கோடிக்குக் கேட்காமல் பாதியிலேயே நின்றுபோனது.

மனைவியின் சித்தப்பா மட்டும் என் கட்சி; பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கன்னத்தில் முத்தமிட்டு நலம் விசாரிக்கிற பிரான்சிலேயே முழங்கைக்கு மாறிவிட்டார்கள் என்று சொல்லி, வந்தவரிடமெல்லாம் முழங்கையை நீட்டினார். கிராமத்துப் பங்காளி ஒருவர், இடிக்க வருகிறார் என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கினார்.

அத்தை (என் மாமியார்) தலைமாட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் இரண்டு கைகளையும் நீட்டினார். அவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலிக்குப் போனார்கள். என் மனைவியும் போனாள். கடைசியில் அத்தை கைகளை மடியில் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“மாப்ள, எனக்கும் எதனா வந்துடுச்சா? ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்களே.”

வெட்கமாக இருந்தது. கண் கலங்கியது, கையால் துடைத்தேன். கை முழுக்க சானிடைசர். அதன்பிறகு குழாயடியில் நான் கதறியதுதான் அன்றைக்குத் தெருவுக்கே கேட்ட ஒரே அழுகை. நான் கண்ணைத் திறப்பதற்குள் மாமனாரை எடுத்துவிட்டார்கள்.

பெற்ற பிள்ளைகள்கூட மாப்பிள்ளை மாதிரி அழவில்லை என்று சித்தப்பா இன்றும் திவசத்துக்குத் திவசம் சொல்லிச் சிரிக்க வைக்கிறார். நானும் சிரித்து வைக்கிறேன். மாஸ்க்கெல்லாம் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் நாங்கள் அரியாங்குப்பம் போகும்போதெல்லாம், வாசலுக்கு வரும் அத்தை, மகளைக் கட்டிக்கொள்வதற்கு முன் ஒரு நொடி என் முகத்தைப் பார்க்கிறார்.