கரை வைத்த இறக்கை

பிள்ளையார்பாளையம்,
பெரிய காஞ்சிபுரம்.
15-5-1978

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் ஜீவந்தரன் அவர்களுக்கு, தங்கள் தங்கை தயாவதியின் கணவன் மல்லிநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், தயாவதி, பிள்ளையாண்டான் ஜினகுமார் மூவரும் இந்த நிமிஷம் வரை தரையில்தான் இருக்கிறோம். இப்போதைக்கு எங்கள் நலம் அவ்வளவுதான். வந்தவாசிப் பக்கத்தில் தங்கள் குடும்பமும் அவ்வாறே இருக்கும் என்று நம்புகிறேன். என் வலது முழங்கால் வீங்கியிருப்பதைப் பற்றித் தயாவதி எழுதியிருப்பாள். குளியலறையில் வழுக்கி விழுந்தேன், வேறொன்றுமில்லை. அறுபது வயதுக்கு மேல் பாசி பிடித்த கல்லில் கால் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் சனிக்கிழமை சாயங்காலமே பஸ் ஏறி இங்கே வந்துவிட வேண்டும். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தென்னேரி ஏரியில் தங்கள் மருமகன் ஜினகுமார் பறக்கப்போகிறான். ஏரோப்பிளேனில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பறந்தால் நானே மீனம்பாக்கம் வரை போய் மாலை போட்டு அனுப்பியிருப்பேன். இது அப்படி இல்லை. தலைக்கு மேல் துணியில் தைத்த ஒரு இறக்கை, அதிலிருந்து நாற்பது நைலான் கயிறு, கயிற்றின் நுனியில் இவன், இவன் முதுகில் உடைந்த ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய என்ஜின், என்ஜினுக்குப் பின்னால் மரத்தில் செதுக்கிய விசிறி. நூலகத்தில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு வெள்ளைக்காரன் துணியைக் காற்றில் உப்ப வைத்துத் தொங்குகிற படத்தைப் பார்த்தானாம். மோட்டார் மெக்கானிக்குக்கு நூலகத்தில் என்ன வேலை என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பிள்ளை படிக்கிறான் என்று பெருமைப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

தாங்கள் ஏன் வர வேண்டும் என்றால், பாதிக் குற்றம் தங்களுடையது. நம் வகையறாவில் பட்டாளத்துக்குப் போன ஒரே ஆள் தாங்கள். உயிர்க்கொலை கூடாத ஜைன குலத்தில் பிறந்துவிட்டு இது என்ன வேலை என்று பெரியவர்கள் எல்லாம் சண்டைக்கு நின்றபோது, நான் பாரசூட் மடிக்கிற பிரிவில் இருக்கிறேன், சுடுகிற பிரிவில் இல்லை என்று சொல்லிப் பதினேழு வருஷம் மடித்துவிட்டு வந்தீர்கள். நல்லது. வந்த பிறகு வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஜினகுமார் எழுதிக் கேட்டானாம், தாங்களும் ஒரு கார்டில் பதில் போட்டிருக்கிறீர்கள். இறங்கும்போது இரண்டு பாதமும் ஒட்டியிருக்கட்டும், முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கட்டும், தரையைக் குனிந்து பார்க்காதே, பாதம் பட்டதும் பக்கவாட்டில் உருண்டு விடு. இப்படி நாலே வரி. அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டு, மாமாவே டிரெயினிங் கொடுத்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். கார்டில் நீந்தக் கற்றுக்கொண்டவன் யாராவது உண்டா மச்சான்?

என்ஜினை முதன்முதலில் வைத்துப் பார்த்தது எங்கள் வாசலில். காலை ஐந்தரை மணி. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் நெசவுக்காரர்கள் தெரு நெடுகச் சேலைக்கான பட்டுப் பாவு நூலை நீட்டிக் கட்டி, இழை இழையாகச் சரி பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. இவன் அதைப் பார்க்காமல் தெருப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தான். விசிறி சுற்றிய சுற்றில் மூன்று சேலைக்கான பாவு எழும்பி, பிள்ளையார் கோயில் சுவரில் பாதி, எதிர்வீட்டு முருங்கை மரத்தில் பாதி என்று போய்ச் சிக்கிக்கொண்டது. பாவுக்குச் சொந்தக்காரர் பஞ்சாட்சரம். இருபது வருஷமாக என் முகத்துக்கு எதிரில் சத்தமாகப் பேசாத மனிதர், அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஜினகுமாரும் நானும் அவரோடு உட்கார்ந்து நான்கு நாள் சிக்கெடுத்தோம். நான்காம் நாள் பார்த்தால் பஞ்சாட்சரம் சிக்கெடுப்பதை விட்டுவிட்டு, இந்த மிஷினுக்கு எந்த ரகத் துணி வேணும்பா, எத்தனை கெஜம் வேணும்பா என்று பையனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். சண்டைக்கு வந்த ஆள் பங்காளி ஆகிவிட்டார்.

கேட்டது மெல்லிய பட்டு, சரிகை கூடாது, ஒரே சீராக இருக்க வேண்டும். எட்டுத் துண்டு. துண்டுகளை நீளவாட்டில் வரிசையாக வைத்துத் தைத்தால் இறக்கை. தயாவதிக்கு இது தெரிந்ததும் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பறப்பது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. எத்தனை ஆயிரம் புழுவை வெந்நீரில் போட்டு எடுத்த நூலில் என் பிள்ளை தொங்குவதா என்றுதான் அழுதாள். அந்த விசிறி சுற்றும்போது எத்தனை பூச்சி அடிபடும் என்று இன்னொரு அழுகை. கடைசியில் மூன்று நிபந்தனை போட்டாள். இறக்கை வீட்டுக்குள் வரக்கூடாது. பூச்சி அதிகம் பறக்கிற சாயங்காலத்தில் என்ஜினைத் தொடக்கூடாது. எவ்வளவு உயரம் போனாலும் சூரியன் மறைவதற்குள் இறங்கி வந்து சாப்பிட்டுவிட வேண்டும். கீழே விழுந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்கவே இல்லை. அதை நினைத்துக்கூடப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

துணி வந்தது. பார்த்தால் ஒவ்வொரு துண்டிலும் அரக்குச் சிவப்பில் கரை, ஒரு முனையில் ஒன்றரை முழத்துக்குக் கெட்டிச் சரிகையில் முந்தி, முந்தியில் அன்னப்பட்சி. ஜினகுமார் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் பஞ்சாட்சரத்தைக் கூப்பிட்டு, ஐயா, சரிகை வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னோமே என்றேன். அவர் சாவதானமாகச் சொன்னார்:

“கரையில்லாத துணிய எதுக்குப் போத்துவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதாங்க? உசுரோட இருக்கற புள்ள அதுல தொங்கிக்கினு போவப்போவுது. கரை இல்லாம என் தறியிலேர்ந்து ஒரு முழம் கூட எறங்காது.”

கரை வைத்த கை முந்தி வைக்காமல் நிற்குமா, வைத்துவிட்டார். முப்பத்தொரு வருஷம் மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து எத்தனையோ பாதுகாப்பு விதிகளைப் படித்திருக்கிறேன். பஞ்சாட்சரத்தின் விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவர் அளவுக்கு மனசார ஒரு விதியைக் கடைப்பிடித்த ஆளையும் நான் பார்த்ததில்லை. அப்படியே தைத்தோம்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை முதல் சோதனை. தென்னேரியில் இப்போது நடுவில் மட்டும்தான் தண்ணீர், சுற்றிலும் காய்ந்த தரை. பறப்பதில்லை, தரையில் ஓடி இறக்கையைத் தலைக்கு மேல் நிறுத்திப் பார்ப்பது மட்டும் என்றுதான் பேச்சு. போய்ச் சேர்ந்ததும் ஜினகுமார் என்ஜினை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

“அப்பா, ஒரே ஒரு வாட்டி. போவட்டாப்பா?”

அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் ஐந்து வயதுப் பிள்ளையாகத் தெரிந்தான். “போப்பா, அஞ்சு நிமிஷந்தானே” என்று சொல்லிவிட்டேன்.

ஓடினான். இறக்கை நிமிர்ந்தது. ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டான். எழும்பினானே தவிர, நேராகப் போகவில்லை. எட்டு முந்தியையும் ஒரே பக்கமாக வைத்துத் தைத்திருக்கிறோம், எட்டும் வலது பக்கம். சரிகைக் கனம் வலது இறக்கையைத் தாழ்த்த, செக்கு மாடு மாதிரி வலது பக்கமாகவே சுற்ற ஆரம்பித்தான். வேடிக்கை பார்க்க வந்த தென்னேரிக்காரர்கள் கை தட்டினார்கள். பஞ்சாட்சரம், முந்தி எப்படி மின்னுது பாருங்க என்றார். ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. கரைக்கு அந்தப் பக்கம் பம்ப்செட்டுகளுக்குப் போகிற மின்சார லைன். அங்கே யாருக்கும் அது கண்ணில் படவில்லை. எனக்கு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. நான் கத்தியது என்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. குடையை வீசி எறிந்துவிட்டு ஓடினேன். மூன்றாவது சுற்றில் அவனாகவே என்ஜினை நிறுத்தி, லைனுக்கு முப்பது அடி இருக்கும்போது தரையில் விழுந்து, தங்கள் கார்டில் இருந்தபடியே உருண்டு, சிரித்துக்கொண்டே எழுந்தான். நான் அவன் விழுந்த இடத்திலிருந்து லைன் வரைக்கும் காலடி வைத்து அளந்தேன்.

மச்சான், இனி எழுதுவதைத் தாங்கள் படித்ததும் கிழித்துவிட வேண்டும். பரசுராமன் என்று ஒரு லைன்மேன் என்னிடம் வேலை பார்த்தான். 1961-ல் இதே வைகாசி மாசம். முந்தின நாள் அடித்த காற்றில் சின்ன காஞ்சிபுரம் பக்கம் ஒரு கம்பத்தில் கம்பி தளர்ந்துவிட்டது. மறுநாள் கருட சேவை. பெருமாள் புறப்படுவதற்குள் தெருவுக்கு விளக்கு வந்தாக வேண்டும் என்று எல்லாரும் என்னை விரட்டுகிறார்கள். இடுப்பில் மாட்டுகிற பெல்ட் என் சைக்கிள் பையில் இருந்தது. எடுக்க இரண்டு நிமிஷம் ஆகும். அந்தக் கம்பம் உறுதியாக நிற்கிறதா என்று நான் கையால் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. “ஏறுப்பா, அஞ்சு நிமிஷ வேலைதானே” என்றேன். ஏறினான். உச்சியில் கை வழுக்கியது. அவன் கீழே வந்து சேர்வதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சாவுக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்று ரிப்போர்ட் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார்கள், அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. ரிட்டயர் ஆனபோது அந்தப் பெல்ட்டை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் எடுத்துவந்து என் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தங்கள் தங்கைக்கும் தெரியாது.

பதினேழு வருஷம் கழித்து என் பிள்ளையிடம் அதே வாயால் அதே ஐந்து நிமிஷத்தைச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போ என்று சொன்னதும் இதே வாய்தானே. முந்தியைக் கத்தரித்துவிடலாம் என்றால் பஞ்சாட்சரம் மறியல் செய்கிறார். கடைசியில் தையலைப் பிரித்து நாலு முந்தி இடது பக்கம், நாலு முந்தி வலது பக்கம் என்று மாற்றித் தைத்தாயிற்று. இப்போது நேராகப் போகும் என்கிறான். இனிமேல் கயிறு நாற்பதையும் காலையில் ஒரு தரம், ஏறுவதற்கு முன் ஒரு தரம் இழுத்துப் பார்க்க வேண்டும், லைன் பக்கமே போகாமல் தண்ணீர்ப் பக்கம் பார்த்துத்தான் எழும்ப வேண்டும், தண்ணீரில் விழுந்தால் என்ஜினைக் கழற்ற ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு வேண்டும் என்று நானும் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதையெல்லாம் பையன் தட்டாமல் செய்கிறான், அதுதான் பயமாக இருக்கிறது. விளையாட்டாக இருந்தால் விட்டுவிடுவான். இவன் விடமாட்டான். தாங்கள் ஒருத்தர் சொன்னால்தான் கேட்பான். வாருங்கள், வந்து மாமன் என்கிற முறையில் நாலு வார்த்தை கண்டித்து, இந்தக் காரியத்தை நிறுத்துங்கள். கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் மனைவியாருக்கு எங்கள் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். எல்லா உயிரும் அதனதன் இடத்தில் பத்திரமாக இருக்க அருகன் திருவடியை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
மல்லிநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் மனசு கேட்கவில்லை, உண்மையை எழுதிவிடுகிறேன். நான் குளியலறையில் வழுக்கி விழவில்லை. ஒரு வாரமாகக் காலையில் தென்னேரிக்குப் போய், ஏரிக்கரையிலிருந்து குதித்துக் குதித்துத் தங்கள் கார்டைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாதம் ஒட்டுகிறது, முழங்கால் மடங்குகிறது, உருளுவதுதான் இன்னும் சரியாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதலில் ஏறப்போவது நான். பையன் ஐம்பத்தெட்டுக் கிலோ, நான் அறுபத்தெட்டு. என்னைத் தாங்கினால் அவனைத் தாங்கும். கம்பத்தைத் தட்டிப் பார்க்காமல் இன்னொரு தரம் நான் யாரையும் ஏற்ற மாட்டேன். ஆகையால் தாங்கள் நிறுத்துவதற்கு வர வேண்டாம், உருளுவது எப்படி என்று காட்டிக்கொடுக்க வாருங்கள். பழைய ஹெல்மெட் இருந்தால் கொண்டுவரவும், என் தலை கொஞ்சம் பெரிது. ஜினகுமார் சம்மதித்துவிட்டான். தயாவதியிடம் மட்டும் மூச்சு விடவில்லை. ஆனால் இன்று காலை என் சட்டை மாட்டுகிற ஆணியைப் பார்த்தேன். அந்தப் பழைய பெல்ட் எண்ணெய் போட்டுத் துடைத்து, வார் எல்லாம் தயாவதியின் கைத்தையல் போட்டுச் சரிசெய்து அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது.